உறங்க வைப்பதா, உழைக்க வைப்பதா, பிரித்துப் போடுவதா: பழைய கார்டன் டிராக்டருக்குக் குளிர்காலத்தில் எது நல்லது?

அக்டோபர் கடைசி வாரம். புல் வளர்வது நின்றுவிட்டது, இலை கொட்டி முடிந்துவிட்டது, பனி இன்னும் விழவில்லை. பழைய கார்டன் டிராக்டர் (வீட்டைச் சுற்றிப் புல் வெட்டவும் பனி தள்ளவும் ஓட்டும் சின்ன டிராக்டர்) வைத்திருக்கும் நண்பர்கள் என்னைக் கூப்பிடுவது இந்த நேரத்தில்தான். இந்த வருடமும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் கேள்வி ஒன்றுதான். ஏப்ரல் வரை இந்த வண்டியை என்ன செய்வது? மூடி வைத்துவிடலாமா, முன்னால் பிளேடு மாட்டிப் பனி தள்ளலாமா, இல்லை கராஜில் பிரித்துப் போட்டு வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட வேலையை முடித்துவிடலாமா?

நான் இருப்பது விஸ்கான்சினில், மில்வாக்கிக்கு மேற்கே. இந்த வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் பிறந்த மண். ஜான் டியர் 1963-இல் கொண்டுவந்த 110 வண்டி இங்கே ஹோரிகனில் செய்தது. சிம்ப்ளிசிட்டி வண்டிகள் போர்ட் வாஷிங்டனில். அந்தக் காலத்தில் பல கம்பெனி வண்டிகளிலும் உட்கார்ந்திருந்த கோலர் என்ஜின், ஷெபாய்கனை ஒட்டிய கோலர் ஊர்க் கம்பெனியுடையது. என் வண்டி மட்டும் கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் இருந்து வந்தது: இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த கப் கேடட் 128. 12 குதிரைத்திறன், கோலர் கே301 என்ஜின், கியர் வண்டி. ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அதை என்ன செய்வது என்று யோசித்து, மூன்று வழியையும் செய்து பார்த்துவிட்டேன்.

பழைய கார்டன் டிராக்டர் என்று நான் சொல்வது 1960 முதல் 1980-கள் வரை வந்த வார்ப்பிரும்பு வண்டிகளை. இன்று கடையில் வரிசையாக நிற்கும் புல்வெட்டி டிராக்டர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில், உங்கள் வீட்டில் பனி தள்ள வேறு வழி இருக்கிறதா? இல்லையென்றால் வண்டியைப் பிரிக்கும் பேச்சே வேண்டாம். ஜனவரியில் ஓர் அடிப் பனி விழுந்த காலையில் கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் என்ஜின் தண்டு) லேத் பட்டறையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, இடம். பிரித்துச் செய்யும் வேலைக்குச் சூடு உள்ள கராஜ் வேண்டும். பனி தள்ளும் வண்டிக்கு மின்சாரம் எட்டுகிற, வழியை மறிக்காத இடம் வேண்டும். வெறுமனே நிறுத்தி வைப்பதற்குக்கூட எலி நுழையாத, தரை ஈரமில்லாத இடம் இருந்தால் நல்லது.

மூன்றாவது, நேரமும் பணமும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். குறைவாகச் செலவழிக்க நினைப்பவர் நேரத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும், நேரம் இல்லாதவர் பணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, என்ஜினின் உண்மையான நிலை. அதிகம் பேர் தவறுவது இதில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வண்டி புகை விடுகிறது, இழுவை குறைந்துவிட்டது, அப்படியானால் ரிங் (பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்) போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்து, முள் ஏறவில்லை என்றதும் சந்தேகமே தீர்ந்துவிடுகிறது. கோலர் கே வரிசை என்ஜினில் அந்த முள்ளை நம்ப முடியாது. ஸ்டார்ட் செய்யச் சுலபமாக இருக்கட்டும் என்று வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கி, அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். அதனால் நல்ல என்ஜினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும்.

பதிலாக இரண்டு சோதனை செய்யுங்கள். பிளக் ஒயரைக் கழற்றி என்ஜின் பாடியில் படும்படி வைத்துவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றும்போது அந்த ஏற்பாடு வேலை செய்யாது. நல்ல என்ஜின் என்றால் கையைத் திருப்பித் தள்ளும். மொத்தமாகத் தேய்ந்த என்ஜின் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் லீக்-டவுன் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, ஃப்ளைவீல் சுற்றிவிடாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு, எங்கே இரைகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டரில் இரைந்தால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் பலமாக இரைந்தால்தான் ரிங் அல்லது சிலிண்டர்.

போன வருடம் ஒரு நண்பர் தன் ஜான் டியர் 112-க்கு ரிங் செட் ஆர்டர் போட இருந்தார். அதற்கு முன் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று காற்று ஏற்றினோம். சைலன்சர் பக்கம் 'ஸ்ஸ்' என்று தெளிவாகக் கேட்டது, ஆயில் வாயில் சத்தமே இல்லை. இந்த என்ஜின்களில் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் என்பது வெறும் மூடிதான். போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் வால்வின் உட்காரும் விளிம்பில் கடுகளவு கரித் துணுக்கு ஒன்று சிக்கி, வால்வை முழுதாக மூட விடாமல் தடுத்திருந்தது. அதைச் சுற்றி விளிம்பு சாம்பல் நிறமாகக் கருகியிருந்தது. வால்வை லேப் செய்து (பசை தடவித் தேய்த்து விளிம்போடு பொருந்த வைத்து), பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் படிந்த கரியைச் சுரண்டி, புது ஹெட் பேக்கிங் போட்டு மூடினோம். ஒரே சனிக்கிழமையில் வேலை முடிந்தது. கரியைச் சுரண்டுவது இந்த என்ஜின்களுக்குச் சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சாதாரணப் பராமரிப்பு. பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஈரம் செய்து சுரண்டுங்கள்.

இந்தச் சோதனைகளைக் கை மரத்துப்போவதற்கு முன், அக்டோபரிலேயே செய்துவிடுங்கள். மீதி முடிவு தானாக வரும்.

## வழி 1: உறங்க வைப்பது

நன்றாக ஓடுகிற வண்டி, பனிக்கு வேறு ஏற்பாடு உண்டு, கராஜில் சூடு இல்லை. இப்படி இருப்பவர்களுக்கு இதுவே சரி. என் கணக்கில் பெரும்பாலானவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள். ஆனால் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டால் அது உறக்கம் ஆகாது, கைவிட்டதாகத்தான் ஆகும். அரை நாள் வேலை இருக்கிறது.

ஆயிலை இப்போதே மாற்றுங்கள், வசந்த காலத்தில் மாற்றலாம் என்று விடாதீர்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். அது ஐந்து மாதம் பேரிங் மேல் உட்கார்ந்திருக்க வேண்டாம். என்ஜின் சூடாக இருக்கும்போது இறக்கினால் கசடும் சேர்ந்து வரும்.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. தொட்டியைக் காலி செய்யச் சொல்பவர்கள் ஒரு பக்கம், நிரப்பி வைக்கச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். நான் நிரப்பும் கட்சி. இரும்புத் தொட்டி காலியாக இருந்தால் உள்ளே ஈரம் வியர்த்துத் துரு பிடிக்கும். அந்தத் துரு கார்பரேட்டருக்கு வந்து சேரும். எத்தனால் கலக்காத பெட்ரோலை வாயளவு ஊற்றி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்த்து, அது கார்பரேட்டர் வரை போய்ச் சேர பத்து நிமிடம் ஓட்டி, பிறகு பெட்ரோல் வால்வை மூடி, என்ஜின் தானாக நிற்கும் வரை விடுவேன். தொட்டியில் பெட்ரோல் இருக்கும், கார்பரேட்டர் கிண்ணம் காய்ந்திருக்கும். எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நாளாக ஆக அந்த நீர் பிரிந்து அடியில் தங்கிவிடும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் காலி செய்தாலும் பாதகமில்லை.

பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஆயில் ஊற்றி, கையால் சில சுற்றுச் சுற்றுங்கள். கடைசியில் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், சைலன்சர் வழியாக ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது.

பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னரில் போடுங்கள். முழு சார்ஜ் உள்ள பேட்டரி விஸ்கான்சின் குளிரில் உறையாது. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உறைந்து, பெட்டி வெடித்துப்போகும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு எலி. முதல் குளிர்காலத்தில் என் வண்டியை நன்றாகவே மூடி வைத்திருந்தேன். ஏப்ரலில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடம் புல் வெட்டியதும் ஒரு வாடை வந்தது, முடி கருகுவது போல. நிறுத்தி, என்ஜினைச் சுற்றியிருக்கும் தகர மூடியைக் கழற்றினேன். சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே, ஒரு சொம்பு அளவு கூடு. சீட்டுக்கு அடியிலிருந்து பிய்த்த பஞ்சு, மேப்பிள் இலைத் தூள், யாரோ போட்ட கையுறையின் நூல் என்று எல்லாம் சேர்ந்து காற்றுப் போகும் வழியை முழுக்க அடைத்திருந்தன. காற்றால் குளிரும் என்ஜினுக்கு அது மூக்கை அடைத்தது போல. இன்னும் அரை மணி ஓட்டியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும். அதிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். மூடுவதற்கு முன் சைலன்சர் வாயிலும் காற்று வடிகட்டி வாயிலும் இரும்பு நார் அடைத்து, அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுவேன். வசந்தத்தில் அந்த நாரை எடுத்து, தகர மூடியைக் கழற்றிப் பார்க்காமல் சாவியைத் தொட மாட்டேன்.

## வழி 2: உழைக்க வைப்பது

இந்த வண்டிகள் இதற்காகவே செய்யப்பட்டவை. கனமான வண்டி, முன்னால் பிளேடும் ஸ்னோ ப்ளோவரும் மாட்ட இடம், இழுத்துக்கொண்டு போகும் கியர். ஐம்பது வருடப் பழைய வண்டி மைனஸ் 18-இல் கிளம்பி, நூறு அடி டிரைவ்வேயை இருபது நிமிடத்தில் துடைத்துக் கொடுக்கும்போது வருகிற மகிழ்ச்சி வேறு. ஓடிக்கொண்டே இருக்கும் என்ஜினுக்குத் துருவும் குறைவு, எலியும் குறைவு.

முதலில் பிளேடா ப்ளோவரா என்று முடிவு செய்ய வேண்டும். ஆறு அங்குலம் வரை விழும் பனிக்கு, தள்ளி ஒதுக்க இடம் இருந்தால், பிளேடு போதும். மாட்டச் சுலபம், பழுதாக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தள்ளிய பனி ஓரத்தில் சுவராக உறைந்துவிடும், அடுத்த முறை அதைத் தள்ள முடியாது. அதனால் முதல் பனியையே டிரைவ்வேயின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று அடி தள்ளி வைக்க வேண்டும். டிசம்பரில் இதைச் செய்யாதவர்களுக்குப் பிப்ரவரியில் கார் ஒன்று போகும் அகலம்தான் மிஞ்சும். ஒதுக்க இடம் இல்லாதவர்களுக்கும், காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும் திறந்த இடங்களுக்கும் ப்ளோவர்தான். அது பனியைத் தூக்கி எறிந்துவிடும். மாட்டுவது ஒருவரால் ஆகாத வேலை, பெல்ட்டும் சங்கிலியும் ஷியர் பின்னும் (ஏதாவது சிக்கினால் முதலில் உடைந்து மற்றதைக் காக்கும் பின்) கையிருப்பில் வேண்டும். ஈரப் பனியில் அடைத்துக்கொண்டால் என்ஜினை நிறுத்திவிட்டுக் கட்டையால்தான் குத்த வேண்டும். என்ஜின் ஓடும்போது கையை உள்ளே விட்டு விரலை இழந்தவர்கள் உண்டு.

ஆயில்தான் இங்கே உயிர். கே வரிசை ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள ஒரு சின்ன அகப்பை போன்ற துண்டு, ஆயிலில் முங்கி முங்கித் தெளிப்பதுதான் மொத்த ஏற்பாடும். கோடையில் ஊற்றும் எஸ்ஏஇ 30, கடுங்குளிரில் தேன் போல ஆகிவிடும், தெளிக்காது. முதல் இரண்டு நிமிடம் ராடும் கிராங்கும் காய்ந்தபடி உராயும். அதனால் நவம்பரிலேயே 5டபிள்யூ-30 மாற்றிவிடுங்கள். வண்டி கிளம்பியதும் உடனே பிளேடை இறக்காமல், ஐந்து நிமிடம் பாதி வேகத்தில் ஓட விடுங்கள். ஆயில் மட்டத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள், இந்த என்ஜினில் ஆயில் குறைவதும் ராடு உடைவதும் பக்கத்துப் பக்கத்து வீடு.

என் வண்டியில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே பொருள், பெல்ட்டால் சுற்றும். குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பினால் முதலில் பெல்ட் ஒரு முனகல் முனகும், அப்புறம் என்ஜின் கனத்த மூச்சு போல ஒவ்வொரு சுற்றாக ஏறும். அந்த முனகல் நீண்டால் பெல்ட் பளபளத்து வழுக்குகிறது என்று அர்த்தம். பேட்டரியைக் குறை சொல்லிப் புதிது வாங்கும் முன் பெல்ட்டை இறுக்கிப் பாருங்கள். கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் நகரும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். உள்ளே உள்ள ஆயில் சூடாகும் வரை வண்டி சோம்பலாகத்தான் நகரும். பழைய கப் கேடட்டுக்கு ஹைட்ரான் ஆயில் தவிர வேறு ஊற்ற வேண்டாம்.

பின் சக்கரத்துக்குச் சங்கிலியும் எடையும் இல்லாமல் இந்த வேலை ஆகாது. சக்கரத்தில் மாட்டும் வார்ப்பிரும்பு எடை நல்லது. டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுவது பழைய பழக்கம், அது ரிம்மைத் தின்றுவிடும். சர்க்கரை பீட்ரூட் சாற்றில் செய்த கரைசலோ, கண்ணாடி துடைக்கும் திரவமோ ஊற்றுவது மேல்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், முதலில் உப்பு. டிரைவ்வே சாலையில் சேருமிடத்தில் நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போகும் பனியில் உப்பு நிறைய. வாரம் ஒருமுறையாவது அடிப்பாகத்தைத் துடைத்து, கிரீஸ் அடித்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும். அடுத்தது கிளட்ச். முன்னே பின்னே என்று ஒரு காலையில் நூறு முறை மிதிக்கிறீர்கள், கோடை முழுவதும் புல் வெட்டினாலும் அவ்வளவு மிதிக்க மாட்டீர்கள். மூன்றாவது முன் அச்சு. உறைந்த மேட்டில் பிளேடு மோதும் ஒவ்வொரு இடியும் அங்கேதான் போய்ச் சேரும். மாவுப் பனியில் காற்று வடிகட்டியின் தாள் நனைந்து உறைந்து என்ஜின் மூச்சு முட்டும், கையில் காய்ந்த ஒன்று வைத்திருங்கள். வேலை முடிந்ததும் வண்டியைப் பலகை மேல் நிறுத்துங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை சக்கரம் தரையோடு உறைந்திருக்கும்.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. கராஜ் கதவை மூடிக்கொண்டு என்ஜினைச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் உள்ளே தூங்குபவர்களுக்கும் ஆபத்து.

## வழி 3: பிரித்துப் போடுவது

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

சின்ன வேலைகள் ஒரு வகை. ஹெட்டைத் திறந்து கரி சுரண்டுவது, வால்வு லேப் செய்வது, கார்பரேட்டரைக் கழுவி பேக்கிங் மாற்றுவது, ஸ்டியரிங் ஆட்டத்தைச் சரிசெய்வது, ஒயரிங். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாயின்ட் வேலை, அதாவது பிளக்குக்குப் பொறி கிளம்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் சுவிட்ச். ஊரில் மெக்கானிக்குகள் சி.பி. பாயின்ட் என்பார்களே, அதேதான். பல சின்ன என்ஜின்களில் ஃப்ளைவீலைக் கழற்றினால்தான் அதைப் பார்க்க முடியும். இந்த கோலரில் அது பிளாக்கின் வெளிப்பக்கம், ஒரு சின்ன மூடிக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்து, முனைகளைச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜில் 0.020 அங்குலம் வைத்து, ஃப்ளைவீலில் உள்ள எஸ் குறியோடு சரிபார்த்து மூடிவிடலாம். வீட்டுக்குள் டீ ஆறுவதற்குள் முடியும். ஸ்டார்ட் ஆக மறுத்த வண்டி அடுத்த சாவித் திருப்பலில் பேசும். இந்த வகை வேலைகளை வழி 1-இல் உறங்கும் வண்டிக்கும் செய்யலாம், வழி 2-இல் உழைக்கும் வண்டிக்கும் பனி இல்லாத வாரத்தில் செய்யலாம்.

முழு என்ஜின் வேலை இன்னொரு வகை. ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கடைந்து, ராடு மாற்றுவது. குளிர்காலத்தை விட்டால் இதற்கு வேறு நேரம் கிடைக்காது. இந்தப் பிளாக் வார்ப்பிரும்பு, அதனால் 0.010, 0.020, 0.030 அங்குலம் என்று மூன்று முறை பெரிதாக்கலாம். புது அலுமினிய என்ஜின்களில் பலவற்றைத் தேய்ந்ததும் தூக்கிப் போடத்தான் வேண்டும். இதைத் திரும்பத் திரும்பப் புதிதாக்க முடியும். இந்த வண்டிகள் மேல் எனக்கு இருக்கும் மதிப்புக்குப் பெரிய காரணமே இதுதான்.

ஆனால் அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். கே301-இன் அசல் சிலிண்டர் விட்டம் 3.375 அங்குலம். ஐம்பது வருட வண்டிக்குள் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் தலையில் .020 என்று பொறித்திருப்பதைப் பார்க்க நேரலாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்துப் பட்டறையில் கொடுத்து, இந்தப் பிஸ்டனுக்கு ஏற்பக் கடையச் சொல்லுங்கள். உள்ளே அதிர்வைக் குறைக்க வைத்த பேலன்ஸ் கியர்கள் இருந்தால், மறுபடி பூட்டும்போது பலரும் அவற்றை விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டுவிட்டேன். வயதான பேலன்ஸ் கியர் உடைந்தால் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அது இல்லாமல் என்ஜின் கொஞ்சம் கூடுதலாக அதிரும், அவ்வளவுதான்.

இதில் பெரிய ரகசியச் செலவு நாட்காட்டி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி முதல் வாரம் பிளாக்கையும் கிராங்கையும் ஒரு பட்டறையில் கொடுத்தேன், மூன்று வாரம் என்றார்கள். வசந்தத்துக்கு முன் எல்லோரும் என்ஜினைத் தூக்கிக்கொண்டு போகும் நேரம் அது. கைக்கு வந்தது மே இரண்டாம் வாரம். அதற்குள் புல் முழங்காலைத் தொட்டது, ஆள் வைத்து வெட்டினேன். அந்தக் கூலி ஒரு புது ராடின் விலைக்கு மேல். அதன் பிறகு, முழு என்ஜின் வேலை என்றால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் பட்டறைக்குப் போய்விட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

அடுத்த ரகசியச் செலவு, கை வைத்ததுமே பெருகும் வேலை. என்ஜினை எடுத்தாயிற்று, அப்படியே கிளட்ச் பின்னையும் பார்க்கலாம். கிளட்ச் எடுத்தாயிற்று, த்ரோ-அவுட் பேரிங்கும் போடலாம். அடிப்பாகம் தெரிகிறது, பெயின்ட்டும் அடிக்கலாம். ஒவ்வொன்றும் நியாயமானதுதான். எல்லாம் சேர்ந்தால் திட்டமிட்டதைப் போல இரண்டு மடங்கு. நான் செய்வது, பிரிக்கும் முன் ஒரு தாளில் வேலைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது. பட்டியலில் இல்லாதது உடைந்திருந்தால் மட்டும் செய்வேன். தேய்ந்திருந்தால் அடுத்த வருடத்துக்கு எழுதி வைப்பேன்.

கராஜில் ஹீட்டர் வைத்து வேலை செய்பவர்கள் பெட்ரோல் ஆவியை மறக்கக் கூடாது. தொட்டியையும் கார்பரேட்டரையும் திறக்கும் நாளில் நெருப்பு எரியும் ஹீட்டரையும், வெந்நீர்க் கொதிகலனின் பைலட் சுடரையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உறங்க வைப்பது | உழைக்க வைப்பது | பிரித்துப் போடுவது |
|---|---|---|---|
| தேவையான இடம் | உலர்ந்த மூலை போதும் | மின்சாரம் எட்டும், வழி மறிக்காத இடம் | சூடும் வெளிச்சமும் உள்ள கராஜ் |
| நேரம் | அரை நாள், வசந்தத்தில் ஒரு மணி | ஒவ்வொரு பனிக்கும், வாரம் ஒரு பராமரிப்பு | சின்ன வேலைக்கு ஒரு நாள், முழு வேலைக்கு நான்கைந்து மாதம் |
| கைக்காசு | ஆயில், ஸ்டெபிலைசர், மெயின்டெய்னர் | பிளேடு அல்லது ப்ளோவர், சங்கிலி, எடை | பாகங்கள், பட்டறைக் கூலி |
| ஒளிந்திருக்கும் செலவு | எலி, கெட்ட பெட்ரோல், உறைந்த பேட்டரி | உப்புத் துரு, கிளட்ச், முன் அச்சு | தாமதம், பெருகும் வேலை |
| எப்போது வேண்டாம் | தெரிந்த பழுதை மூடி மறைக்க | ஆயில் குடிக்கும், ராடு தட்டும் என்ஜினுக்கு | பனிக்கு அந்த ஒரு வண்டிதான் என்றால் |

## இன்னும் இரண்டு வழிகள்

பழைய என்ஜினை இறக்கிவிட்டுப் புது இரட்டைச் சிலிண்டர் என்ஜினை ஏற்றுவது ஒன்று. பிளாக் உடைந்த வண்டிக்கு இது நல்ல வழி, வண்டி உடனே ஓடும். ஆனால் ஷாஃப்ட் உயரம், டிரைவ் இணைப்பு, ஒயரிங் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். பிளாக் நன்றாக இருந்தால் நான் இந்தப் பக்கம் போக மாட்டேன். இன்னொன்று விற்றுவிடுவது. விற்பதென்றால் குளிர்காலத்தில் விற்காதீர்கள். பிளேடோடு இருக்கும் வண்டிக்கு முதல் பனிக்கு முன்னாலும், புல்வெட்டியோடு இருக்கும் வண்டிக்கு ஏப்ரலிலும்தான் ஆள் வரும்.

## அந்த மூன்று பேருக்கு நான் சொன்னது

முதலாமவர் மேடிசன் பக்கம், நீளமான சரளைக்கல் டிரைவ்வே, பனி தள்ள வேறு வண்டி இல்லை. என்ஜின் கொஞ்சம் நீலப் புகை விடுகிறது, ஆனால் பின்னோக்கிச் சுற்றினால் கையைத் தள்ளுகிறது. வண்டியை உழைக்க வைக்கும்படி அவரிடம் சொன்னேன். ஆயில் மாற்றி, ஒவ்வொரு முறையும் மட்டம் பார்த்து ஓட்டட்டும். தரை நன்றாக உறையும் வரை பிளேடின் அடிக் குளம்புகளை இறக்கி வைத்தால் கல் வாரிக்கொண்டு போகாது. ரிங் வேலையை அடுத்த வருடம், வேறு ஒரு ஸ்னோ ப்ளோவர் வாங்கிய பிறகு பார்க்கலாம்.

இரண்டாமவர் வீட்டில் பனி தள்ள ஒப்பந்த ஆள் உண்டு, வண்டி நன்றாக ஓடுகிறது, தோட்டத்து ஷெட்டில் மின்சாரம் இல்லை. அவருக்கு உறக்கம்தான். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோகச் சொன்னேன், இரும்பு நாரும் வாங்கச் சொன்னேன்.

மூன்றாமவர் கொஞ்சம் கடினம். வீல் ஹார்ஸ் கம்பெனி வண்டி, அதே கோலர் என்ஜின், கீழே தட்டுகிற சத்தம். ஆயில் குறைந்து ஒரு நாள் சரிவில் ஓடியதை அவரே சொன்னார். அந்தச் சத்தம் ராடு என்றுதான் நினைக்கிறேன். இதை இன்னும் ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. ராடு உடைந்தால் பிளாக்கில் ஓட்டை போடும், அதன் பிறகு எந்த ரீபோரும் உதவாது. அவரிடம் சூடான கராஜ் இருக்கிறது, பனிக்குத் தனி ப்ளோவரும் இருக்கிறது. வரும் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். காலையில் ஆயிலை வெள்ளைத் துணி வழியாக இறக்கி, மினுங்கும் தூள் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் மதியத்துக்குள் என்ஜின் மேசை மேல் இருக்கும், திங்கட்கிழமை கிராங்க் பட்டறைக்குப் போகும்.